புளித்த மாவும் புளித்த கள்ளும்

சென்ற இதழில் வாடகை வீட்டுக் கணக்குகளைப் பற்றி நாம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, விழிஞ்ஞத்தில் வாழும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. “ஐயா, பக்கத்து வீட்டுச் சேச்சி ஆப்ப மாவில் கள் ஊற்றுகிறார். அவர் வீட்டு ஆப்பம் பூப்போல வருகிறது. என் குழந்தைகள் அதையே கேட்டு அடம் பிடிக்கின்றன. என் மாமியாரோ கள் என்ற சொல்லே இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?” என்பதே அவருடைய கேள்வி.

இதைச் சிறு கேள்வி என்று நாம் ஒதுக்கிவிடவில்லை. பிழைப்பை நாடி வேற்றூர் வந்தவர்களுக்கு முதலில் பழக்கமாவது ஊரின் மொழி அன்று, அடுப்படிதான். அண்டை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன்கறி வருகிறது. நம் வீட்டிலிருந்து நான்கு தோசை போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் வந்து சேர்ந்த பண்டங்களுள் ஒன்றுதான் கள் ஊற்றிய ஆப்பம். ஆனால் கிண்ணத்தில் வரும் எல்லாவற்றையும் போல இது சும்மா வருவதில்லை. பின்னாலேயே சட்டமும் வருகிறது, பழைய நினைவுகளும் வருகின்றன.

சட்டத்தை நாம் எப்படிக் கற்றோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கேட்டால் சிரிப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை. நாம் குடும்பத்தோடு மார்த்தாண்டத்துக்குப் புறப்பட்டோம். அங்கே இருக்கும் தம் தாயாருக்கு விழிஞ்ஞத்து ஆப்பத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும் என்று நம் இல்லத்தரசிக்கு ஆசை. கள்ளுக்கடையில் அரை லிட்டர் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் புட்டியில் நிறைத்து, சிந்திவிடக் கூடாதே என்ற அக்கறையோடு மூடியை இறுக்கித் திருகி, துணிப்பையின் அடியில் வைத்துவிட்டார். பாலராமபுரத்தில் பேருந்து ஏறினோம். நல்ல வெயில். பேருந்தோ குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. நெய்யாற்றின்கரையை நெருங்கும்போது பைக்குள் பட்டாசு வெடித்தாற்போல ஓர் ஓசை எழுந்தது. அடுத்த கணம் பேருந்து முழுவதும் கள்ளின் நெடி! நடத்துநர் நம்மைப் பார்த்தார். பயணிகள் அனைவரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் சன்னலுக்கு வெளியே பார்த்தோம். முன் இருக்கையில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் திரும்பி, “அப்பத்தினு வாங்கியதல்லே மோளே?” என்று நம் இல்லத்தரசியைக் கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் நம் மானத்தைக் காப்பாற்றியது.

புட்டி வெடித்தது நம் நல்ல காலம் என்று பின்னர்தான் தெரிந்தது. வெடிக்காமல் இருந்திருந்தால், களியக்காவிளையைத் தாண்டிய அந்த நொடியிலேயே அந்த அரை லிட்டர் குற்றப்பொருளாகியிருக்கும். கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் கள் வாங்குவது சட்டத்துக்கு உட்பட்ட செயல். ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கைவசம் வைத்திருக்கலாம். தமிழ்நாட்டிலோ 1987 ஜனவரி 1 முதல் கள் கூடாது. அங்கே நடைமுறையில் இருப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதலமைச்சராயிருந்த அவ்வாண்டில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, இடையில் தளர்ந்தும் இறுகியும் பல கோலங்கள் கொண்டது. அரசின் கடையில் வெளிநாட்டு வகை மது தாராளமாய்க் கிடைக்கும் மாநிலத்தில் ஆப்பத்துக்கு ஒரு கரண்டிக் கள் கிடைக்காது என்பதில் வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் எல்லையைக் கடக்கும் குடும்பஸ்தன் வேடிக்கை பார்த்து நிற்கலாகாது.

கேரளத்துக்குள்ளும் ஒரு விதியை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். 23 வயது நிரம்பாதவருக்கு இங்கே மது விற்கக் கூடாது. கள்ளும் அதில் அடங்கும். ‘ஆப்பத்துக்குத்தானே’ என்று கல்லூரியில் படிக்கும் பையனைக் கள்ளுக்கடைக்கு அனுப்பும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புட்டி ஏன் வெடித்தது? தென்னம்பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு சர்க்கரை. கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. மரத்திலிருந்து இறக்கும்போதே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. இதைத் தடுக்கவே பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் பெருக இயலாது. நம் குமரி மாவட்டத்தார் அக்கானி என்று அருந்துவது இதைத்தான். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் மாலைக்குள் அது கள். கடையிலிருந்து வந்த பிறகும் வாயு உண்டாவது நிற்பதில்லை. அதனால்தான் விவரமறிந்தவர்கள் கள் புட்டியை இறுக மூடாமல், ஓலைச் சுருளையோ துணியையோ வாயில் செருகிவைக்கிறார்கள். மூடியை இறுக்கித் திருகியது நாம் செய்த பிழை. அந்தப் புட்டி கண்ணாடியாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறோம். பைக்குப் பக்கத்தில் நம் இளைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஆப்ப மாவைப் பொங்கச் செய்வதும் இதே வாயுதான். சூடான ஆப்பச் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றும்போது உள்ளே அடைபட்ட வாயு விரிந்து, நடுவில் பஞ்சும் ஓரத்தில் சரிகையுமாக ஆப்பம் மலர்கிறது. கள்ளிலிருந்த ஆல்கஹாலின் பெரும்பகுதி அச்சூட்டில் ஆவியாகிவிடும். எஞ்சுவது ஓர் இனிய புளிப்பும் மணமும். எனவே, ‘குழந்தைக்கு மயக்கம் வருமோ’ என்று அந்தச் சகோதரி அஞ்ச வேண்டியதில்லை.

இங்கே மாமியார் அவர்களிடம் மெல்லச் சொல்லத்தக்க ஒரு செய்தி உண்டு. அவர்கள் நாள்தோறும் மகிழ்ந்து உண்ணும் இட்லியும் இந்த உறவுக்கு வெகு தொலைவில் இல்லை. இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்பதை ஆராய்ந்து முகர்ஜி முதலானோர் 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ‘லூக்கோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ்’ என்ற நீண்ட பெயருடைய நுண்ணுயிரே மாவைப் பொங்கச் செய்கிறது என்று கண்டார்கள். அது வெளியிலிருந்து நாம் சேர்ப்பதன்று. உளுந்தோடு ஒட்டியே வருகிறது. ஈஸ்ட்டின் உதவியே வேண்டாம். இந்த நுண்ணுயிர் புளிப்பு அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும்போது, கூடவே அணுவளவு ஆல்கஹாலையும் உண்டாக்கத்தான் செய்கிறது. இட்லி உண்டு தள்ளாடியவர் எவரையும் நாம் கண்டதில்லை. இருந்தாலும் இயற்கை, நாம் போடும் கோட்டை மதித்து நடப்பதில்லை என்பதற்காக இதைச் சொன்னோம்.

கோட்டைப் போட்டவர்கள் மனிதர்கள். அதைப் பல காலம் பல இடத்தில் போட்டிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வீட்டிலேயே அரிசி மது செய்யும் முறையை ஒரு சமையல் குறிப்பைப் போலவே சொல்லியிருக்கிறார். தீட்டாத அரிசியைக் குழையக் களியாகச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய நெல்லின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பிறகு வடித்தெடுப்பது. இதில் முளை நெல்லுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அரிசி மாவை ஈஸ்ட் நேராகத் தின்னாது. முளைத்த தானியத்தில் இருக்கும் ஒரு பொருள் அந்த மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுத்தால்தான் தின்னும். ஐரோப்பியர் பியர் காய்ச்ச வாற்கோதுமையை முளைகட்டுவதும் இதற்காகவே. பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில் நம் முன்னோர் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்தார். குறளில் அது 93-ஆவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. இரண்டும் நம்முடையவை.

சட்டத்துக்கு மீண்டும் வருவோம். நம்மவர் மாட்டிக்கொள்ளக் கூடிய இடம் ஆப்பம் அன்று, ஒயின்.

விழிஞ்ஞத்துக் கடற்கரையில் கிறிஸ்துமஸ் நெருங்கினால், பல வீடுகளின் பேச்சில் கேக்கும் ஒயினும் சேர்ந்தே வரும். திராட்சையையும் சர்க்கரையையும் ஒரு பிடி கோதுமையையும் கிராம்பையும் பீங்கான் சாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, மூன்று வாரம் இருட்டில் வைப்பது கேரளக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றின் நெடுநாள் வழக்கம். சாடியை இவ்வூரார் பரணி என்பர். அண்டை வீட்டார் சிறு கோப்பையில் தருவதை அன்போடு ஏற்ற நம்மவர் சிலர், ‘இதென்ன பெரிய வித்தை’ என்று தாமும் பரணி வாங்கிவிடுகிறார்கள்.

கேரளத்தில் இதை ஆள்வது கொல்லம் ஆண்டு 1077-இன் அப்காரிச் சட்டம். ஆங்கிலக் கணக்கில் 1902. உரிமமின்றி மது உண்டாக்கினால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. 2019 டிசம்பரில் கலால் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. வீட்டில் ஒயின் காய்ச்சுவதும் இச்சட்டத்துக்கு உட்பட்ட குற்றமே என்றும், செய்முறையைப் படம்பிடித்து வெளியிடுவோர்மீதும் நடவடிக்கை பாயும் என்றும் எச்சரித்தது. அந்த மாதமே திருவனந்தபுரத்தை அடுத்த வேளியில் ஒரு வீட்டில் சோதனை நடந்து, ஓர் இளைஞர் கைதானார். ஊரெங்கும் பெரும் பேச்சாயிற்று. ஆல்கஹால் இல்லாத ஒயினுக்குத் தடையில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அதைக் கேட்டு நாம் சற்றே திகைத்தோம். பரணிக்குள் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அந்த விளக்கத்தை யார் படித்துக் காட்டுவது? 2022-இல் கேரள அரசு பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கென விதிகளை வகுத்தது. அது உரிமம் பெற்று நடத்தும் தொழிலுக்கு உரியது. அடுப்படிப் பரணிக்கு அன்று.

தலைமுறை தலைமுறையாய் இங்கே வாழும் குடும்பத்தின் பரணியை ஊரார் கண்டும் காணாமல் விடலாம். வாடகை வீட்டில் வாழும் வேற்றூர்க்காரனின் பரணியை எல்லோரும் காண்பார்கள். இதை மனக்கசப்போடு சொல்லவில்லை. எந்த ஊரிலும் உள்ள நடப்பு இதுதான். நம்மிடம் பழகும் ஓர் இளைஞர், திருநெல்வேலிப் பக்கத்தவர், கூலி வேலை செய்பவர், சென்ற ஆண்டு கார்த்திகையில் பத்து லிட்டர் கொள்ளும் பரணி ஒன்றில் அன்னாசிப் பழ ஒயின் போட்டிருந்தார். செல்பேசியில் படம் அனுப்பி ஆறு பேரிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். பெண் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகுமே என்ற எண்ணம். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, ஒரு நாள் நீ வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டோம். அவர் பேசவில்லை. அவருடைய மனைவிதான், “அண்ணாச்சி, ரெண்டாம் நாளே அரிசிக்குக் கடன் சொல்லணும்” என்றார். அன்றிரவே பரணி கவிழ்ந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் பட்ட பாட்டை நாம் அறிவோம். வாங்கியதில் பாதி செலவாகியிருந்தது.

வீட்டு ஒயினில் விஷம் உண்டாகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பழத்தையும் சர்க்கரையையும் புளிக்கவைத்தால் உண்டாவது எத்தில் ஆல்கஹால். மெத்தில் ஆல்கஹால் மிகச் சொற்பமே. 2000-ஆம் ஆண்டு கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டது, தொழிற்சாலைக்கான மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்ற பாதகர்களால். அது மலிவு; நிறமில்லாதது; நாவால் கண்டுபிடிக்க முடியாது. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் கண்ணின் நரம்பைத் தாக்கும். குடித்துவிட்டு வந்தவர் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், உறங்கினால் சரியாகும் என்று படுக்கவைக்காதீர்கள். அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மானத்துக்கு அஞ்சி விடியும்வரை காத்திருந்த வீடுகளில்தான் இழவு விழுந்தது.

இனிச் சகோதரியின் கேள்விக்கு. கள் ஊற்றி ஆப்பம் சுடுவது இங்கே குற்றமும் அன்று, பாவமும் அன்று. ஆனாலும் உங்கள் வீட்டில் அது வேண்டாம் என்றே சொல்வோம். காரணம் சட்டமன்று, மாமியார்தான். கள் என்ற சொல்லுக்கு முகம் சுளிக்கும் முதியவர்களை நாம் கட்டுப்பெட்டிகள் என்று எண்ணிவிடுகிறோம். அவர்களில் பலர் சிறுமிகளாயிருந்தபோது, கூலி நாள் மாலைகளில் வாசலில் நின்று, தகப்பனார் எந்த வழியாய் வருகிறார் என்று பார்த்திருந்தவர்கள். கடை வழியாய் வந்தால் அன்றிரவு உலை ஏறாது. அந்த நெடியை அவர்கள் தம் சமையலறையில் மறுபடியும் முகர வேண்டுமா? உங்கள் மாமியார் அப்படிப்பட்டவரா என்று நமக்குத் தெரியாது. ஒருநாள் ஓய்வாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

ஆப்பத்துக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு ஆழாக்குப் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, அரை மூடித் தேங்காய்த் துருவலோடு நைய அரையுங்கள். அரைபடும்போது, மாவு இன்னும் ரவை பதத்தில் இருக்கையில் இரண்டு கரண்டி எடுத்து, நீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு மாவோடு கலக்க வேண்டும். சேச்சிமார் இதைக் கப்பி காய்ச்சுதல் என்பார்கள். ஆப்பம் பஞ்சாவது பாதி இதனால்தான். கள்ளின் புகழை இது சத்தமின்றிப் பங்கு போட்டுக்கொள்கிறது. கூழ் சூடாயிருக்கும்போது கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு கால் தேக்கரண்டி ஈஸ்ட்டை ஒரு கரண்டி சர்க்கரையோடு இளஞ்சூட்டுத் தேங்காய் நீரில் கரைத்து ஊற்றி, பாத்திரத்தில் பாதி இடம் காலியாக விட்டு, இறுக்கமின்றி மூடிவையுங்கள். உப்பைக் காலையில் போடலாம். விழிஞ்ஞத்துக் கடற்காற்றில் மாசி பங்குனியில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும். இடவப்பாதி மழையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். கள் ஊற்றியதன் மணம் இதில் முழுவதும் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பத்துக்கு எட்டு மதிப்பெண் தரலாம்.

பழஞ்சோற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரவு மீந்த சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் உண்பதில் நாமும் இவ்வூராரும் உடன்பிறப்புகள், பெயர்தான் வேறு. நமக்கு நீராகாரம், இவர்களுக்குப் பழங்கஞ்ஞி. கடலுக்குப் போகும் வீடுகளில் காந்தாரி மிளகாயும் முந்தைய நாள் மீன்கறியும் அதற்குத் துணை. சோற்றை வடித்தபின் நெடுநேரம் வெதுவெதுப்பாகத் திறந்துவைக்காமல், ஆறியதும் மூழ்க நீரூற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பான சோற்றில் வேண்டாத கிருமிகளும் வளரும். அவற்றின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. விடிந்ததும் உண்டுவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கலாகாது.

அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். பரணியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்பு மாங்காய் போட்டிருக்கிறார்கள். கல்லுப்புக் கரைத்த நீரில் காம்போடு பறித்த மாவடு மிதக்கிறது. மேலே ஒரு தட்டு வைத்து, அதன்மேல் கழுவிய கருங்கல்லைப் பாரமாக ஏற்றியிருக்கிறார்கள். பதினைந்து நாள் ஆகிவிட்டதாம். நமக்கும் ஒன்று கிடைத்தது. உப்புச் சற்றுக் கூடுதல்.